குடும்ப சிகிச்சைப் பயிற்சி: நான்கு வழிகளில் எது வேலூர்ப் பக்கத்துக்குச் சரிப்படும்?

2019 வரை ஒரே மாவட்டமாக இருந்த வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் குடும்பங்களோடு மல்லுக்கட்டுகிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளி ஆலோசகர்கள், போதை மறுவாழ்வு இல்லங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்ப நல நீதிமன்றம், தொண்டு நிறுவனங்கள், ஆஸ்பத்திரிகளின் சமூகப் பணிப் பிரிவுகள் என்று பட்டியல் நீளும். இங்கெல்லாம் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கற்றுக்கொண்டது ஓர் ஆளை எதிரே உட்காரவைத்துப் பேசுவதற்கு. கதவைத் தள்ளிக்கொண்டு வருவதோ அப்பா, அம்மா, பாட்டி, மாமா, பையன் என்று ஐந்து பேர். உடனே "மத்தவங்க எல்லாம் வெளிய இருங்க, தம்பி மட்டும் வாப்பா" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வாக்கியத்தோடு பாதி விஷயம் வெளியே பெஞ்சுக்குப் போய்விடுகிறது.

அதனால்தான் இப்போது பல நிறுவனங்கள் ஸ்ட்ரக்சுரல் ஃபேமிலி தெரபி, அதாவது கட்டமைப்புக் குடும்ப சிகிச்சையில் தங்கள் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க நினைக்கின்றன. எண்ணம் நல்லது. எந்த வழியில் கொடுப்பது என்பதில்தான் பணம் வீணாகிறது. ஏழெட்டுப் பணியாளர்கள், அவர்களில் இரண்டு மூன்று பேர் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை), ஓரிருவர் உளவியல் பட்டதாரிகள், மீதிப் பேர் களத்திலேயே வளர்ந்தவர்கள், கையில் ஓர் ஆண்டுக்கான பயிற்சி நிதி: இப்படி ஒரு நிறுவனத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சிகிச்சையின் தன்மையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் வருகிறது. இதை உருவாக்கியவர் சால்வடார் மினுச்சின், 1921-ல் அர்ஜென்டினாவில் பிறந்த மனநல மருத்துவர். 1960-களில் நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற சிறுவர் பள்ளியில் வேலை செய்தார். ஏழைக் குடியிருப்புகளிலிருந்து, சட்டத்தோடு உரசிவிட்டு வந்த பையன்கள் படித்த இடம். பையனைத் தனியே வைத்துப் பேசுவதில் பலன் குறைவாக இருந்ததால் அவரும் சகாக்களும் குடும்பத்தையே அறைக்குள் கூப்பிட்டார்கள். 1965-ல் அவர் பிலடெல்பியாவில் குழந்தை வழிகாட்டு மருத்துவமனையின் இயக்குநரானார். இந்த முறை முழு வடிவம் எடுத்தது அங்கேதான். 1974-ல் வந்த அவருடைய நூல் இன்றைக்கும் பாடப்புத்தகம்.

சிக்கல் பையனுக்குள் இருக்கிறது என்று இந்த முறை எடுத்துக்கொள்வதில்லை. யார் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், யாருக்கும் யாருக்கும் நடுவே சுவர் எழும்பியிருக்கிறது, வீட்டில் முடிவெடுப்பவர் யார், பெற்றோர் வேலையைத் தலையில் சுமக்கும் குழந்தை எது, அப்பாவுக்கு எதிராக அம்மாவும் பிள்ளையும் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. பார்த்ததோடு நிற்பதுமில்லை. வீட்டில் நடப்பதை வாயால் சொல்லச் சொல்லாமல், அறையிலேயே நடக்கவிட்டு, நடக்கும்போதே அதை மாற்றப் பார்க்கிறது. நாற்காலியை நகர்த்துவது, ஒருவரைப் பேசவிட்டு இன்னொருவரை நிறுத்துவது, சில நேரம் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்வது எல்லாம் இதில் அடக்கம்.

நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் வேலை பார்த்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு நாற்பது வயது ஆகுமுன்பே ஹவில்தாராக ஓய்வு பெற்று அப்பா ஊர் திரும்புகிறார். அத்தனை வருடமும் வீட்டை ஓட்டியவர் அம்மா. ரேஷன் கடை, கரண்ட் பில், தங்கையின் பள்ளிக் கட்டணம், தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாம் மூத்த பையன் கையில். இப்போது அவனுக்குப் பதினாறு. வந்த அப்பா முகாமில் பேசிய குரலிலேயே வீட்டிலும் பேசுகிறார். பையன் பிளஸ் ஒன் போவதை நிறுத்திவிட்டான், ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறான். அப்பா அவனை இழுத்துவந்து, "சார், இவனுக்குக் கவுன்சலிங் குடுங்க" என்கிறார்.

அறையில் அப்பா பையனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். பையன் அம்மாவைப் பார்க்கிறான். அம்மா பதில் சொல்கிறார். மூன்று வினாடிதான் ஆகும். பயிற்சி இல்லாத ஆலோசகர் பதிலின் உள்ளடக்கத்தைக் குறித்துக்கொள்வார். பயிற்சி உள்ளவர் அந்தப் பார்வை போன பாதையைப் பிடிப்பார். பிடித்தபின், பையனைத் தன் பக்கத்து நாற்காலிக்கு மாற்றிவிட்டு, கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே திருப்பி, பையன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர வேண்டும் என்று இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரும்படி சொல்வார். பாதியில் அம்மா பழக்கத்தில் மகன் பக்கம் திரும்பும்போது, "அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க" என்று கையைக் காட்டித் தடுப்பார். இத்தனை வருடம் வீட்டைத் தூக்கிச் சுமந்த பையனை ஒரே நாளில் சின்னப் பையன் ஆக்கினால் அவன் முறைத்துக்கொள்வான் என்பதும் அவருக்குத் தெரியும். அப்பா வாயால் அவனுக்கு ஒரு நன்றி வரவைக்காமல் அவனைக் கீழே இறக்க மாட்டார்.

ஆகவே எந்தப் பயிற்சியை எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். பயிற்சி முடிந்து வரும் நம் ஆள், இருபத்து நான்கு வயதுப் பெண்ணாக இருந்தாலும், அந்த மூன்று வினாடியைப் பார்ப்பாரா? ஒரு முன்னாள் ஹவில்தார் முன்னால் கையை நீட்டி மனைவியைத் திருப்ப அவருக்குத் தைரியம் வருமா?

மூன்று நாள் பயிலரங்கம்

வேலூரில் அதிகம் நடப்பது இதுதான். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு பயிற்சியாளர் வருவார். ஓட்டல் அரங்கமோ கல்லூரி செமினார் ஹாலோ பிடித்து, முப்பது நாற்பது பேரைச் சேர்த்து, மூன்று நாள் நடத்தி, சான்றிதழும் குழுப்படமுமாக முடிப்பார்கள். தலைக்குச் செலவு குறைவு. மார்ச் மாதத்துக்குள் நிதியைக் கணக்குக் காட்டவும் இதைவிட வசதி கிடையாது. அதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, தொண்டு நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு அது நிஜமான நெருக்கடி.

மூன்று நாளில் எல்லை, உள்வட்டம், கூட்டணி, குடும்ப வரைபடம் (யார் யாரோடு ஒட்டியிருக்கிறார்கள், எங்கே சுவர் என்று வரைந்து பார்ப்பது) என்ற கருத்துகள் வந்துவிடும். நிறுவனத்தின் இயக்குநர், கணக்காளர், விடுதிக் காப்பாளர் உட்பட எல்லோரும் ஒரே மொழி பேச ஆரம்பிப்பார்கள். இது சின்ன லாபம் இல்லை. "ஏன் ஒரு கேஸுக்கு இத்தனை பேரைக் கூப்பிடுறீங்க?" என்று மேலிருந்து வரும் கேள்வி அதோடு நிற்கும்.

ஆனால் கைப்பழக்கம் வராது. பயிலரங்கில் வேடம் போட்டு நடிக்கவைப்பார்கள். தெருக்கூத்து ஊறிய மண் என்பதால் நம் ஆட்கள் மாமியாராகவும் குடிகாரக் கணவனாகவும் பிரமாதமாக நடித்தும் விடுவார்கள். ஆனால் நடிக்கிற "மாமியார்" ஆலோசகர் சொன்னதும் வாயை மூடிக்கொள்வார், நிஜ மாமியார் மூடமாட்டார். அந்த வித்தியாசத்தை ஒருவர் முதன்முதலில் சந்திக்கும் நாளில் பயிற்சியாளர் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

இணையவழிப் படிப்பு

தனியாகக் கற்கிறவருக்கு இது நல்லது. கோட்பாடு ஆழமாக வரும், பழைய அமர்வுகளின் காணொளிகளைப் பார்க்கலாம், வேலையை விட வேண்டாம். எட்டுப் பேரையும் இதில் சேர்ப்பதை மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் இரண்டு.

ஒன்று மொழி. ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் தேர்வு எழுதினால், களத்திலேயே வளர்ந்த பணியாளர்தான் முதலில் கழன்றுகொள்வார். குடும்பங்களை நன்றாகத் தெரிந்தவரும் அவரே. அதோடு, நம் பகுதியில் வேலை தமிழில் மட்டும் நடப்பதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் பல வீடுகளில் உருது. குடியாத்தம், காட்பாடிப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் நிறைய. பாட்டிக்குத் தமிழ் சரளமாக வராதபோது பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்வது நமக்குப் பழக்கம். இந்தச் சிகிச்சையின் கண்ணால் பார்த்தால் அங்கேயே ஒரு தவறு நடந்துவிடுகிறது. பத்து வயதுக் குழந்தையைப் பெரியவர்களுக்கு மேலே ஏற்றி, எதைச் சொல்வது எதை மறைப்பது என்ற அதிகாரத்தையும் நாமே கையில் கொடுத்துவிடுகிறோம். இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சுட்டிக்காட்டாது. உருது தெரிந்த சக பணியாளர் ஒருவரை உடன் உட்காரவைக்க வேண்டும் என்பதை இங்கே வேலை பார்க்கிற மேற்பார்வையாளர்தான் சொல்வார்.

இன்னொன்று, நம் ஆள் குடும்பத்தோடு இருப்பதை அந்த ஆசிரியர் ஒருநாளும் பார்க்கமாட்டார். நல்ல இணையப் படிப்புகள் சில, மாணவரின் சொந்த அமர்வுக் காணொளியைக் கேட்டு வாங்கித் திருத்துகின்றன. அப்படிப்பட்டதாக இருந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன்.

பெங்களூருக்கு அனுப்புவது

காட்பாடியில் ரயில் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் பெங்களூர். அங்கே நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் குடும்ப மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு உண்டு. குடும்பத்தை உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருகிற இடம் அது. பயிற்சி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட வைக்கும். அங்கே கட்டமைப்புச் சிகிச்சை ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை, பல முறைகளையும் குடும்பத்துக்குத் தகுந்தபடி கலந்து பயன்படுத்துகிறார்கள். கற்கிறவருக்கு அது நல்லதுதான்.

முழுநேரப் படிப்புக்கு அனுப்புவதாக இருந்தால் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி மனநலச் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள, சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும் அதன்மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் எம்.ஃபில். படிப்பை நிறுத்தியது. பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தது. அதனால் ஆளை அனுப்புமுன், அந்த நிறுவனத்தில் இப்போது படிப்பு எந்தப் பெயரில், எந்த ஒழுங்குமுறையின்கீழ் நடக்கிறது என்று எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாள் பயிலரங்கச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெயர்ப் பலகையில் "மனநலச் சமூகப் பணியாளர்" என்று போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி சரியல்ல.

நிறுவனத்தின் கோணத்தில் இந்த வழியின் குறை எல்லோருக்கும் தெரிந்தது, வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். நன்றாகப் படித்து வருகிறவர் திரும்பி வருவதில்லை. பெங்களூரில் கிடைக்கும் சம்பளம் குடியாத்தத்தில் கிடைக்காது. ஒப்பந்தம் எழுதி வாங்கினாலும் மனம் இல்லாத ஆளை இரண்டு வருடம் கட்டிவைத்து என்ன செய்வது? எட்டுப் பேருக்கான பணத்தை ஒருவர் மேல் போட்டு, அவரும் போய்விட்டால் கணக்கு பூஜ்யம். குறுகிய காலப் பணியிடைப் பயிற்சிக்கு, ஒரு மாதம் போல, ஒரு மூத்த பணியாளரை அனுப்புவது வேறு கதை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உள்ளூரில் ஓர் ஆண்டு

நான் கட்சி கட்டுவது இந்த வழிக்கு. பயிலரங்கம் நடத்தும் அதே பயிற்சியாளரை மூன்று நாள் சேர்ந்தாற்போல் அழைக்காமல், மாதத்துக்கு ஒரு நாள் வீதம் பத்து மாதம் வரச்சொல்வது. இடைப்பட்ட வாரங்களில் பணியாளர்கள் தங்களுக்குள் கூடி ஒருவர் அமர்வை இன்னொருவர் பார்ப்பது. பயிற்சியாளர் வருகிற நாளில் காலை ஒரு மணி நேரம் மட்டும் பாடம், மீதி நேரம் முழுக்க உண்மையான குடும்பங்கள்.

பிலடெல்பியாவில் பயிற்சி அப்படித்தான் நடந்தது. ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் மேற்பார்வையாளர் உட்கார்ந்து பார்ப்பார், தேவைப்பட்டால் தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்போது அப்பாவைப் பேசவிடு" என்பார், சில சமயம் அறைக்குள்ளேயே வந்துவிடுவார். பிறகு வீடியோவைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். கண்ணாடி அறை கட்ட நம்மிடம் காசு இல்லை, தேவையும் இல்லை. ஒரு அறையில் ஸ்டாண்டில் ஒரு கைப்பேசி, அடுத்த அறையில் இன்னொன்று, நடுவே ஒரு வீடியோ அழைப்பு போதும். ஆலோசகர் மடியில் சைலண்டில் இன்னொரு போன். இதற்கு மேல் கருவி எதுவும் வேண்டாம்.

நேரடி மேற்பார்வையை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. இந்த மரபிலிருந்து மயாமியில் ஹோஸே சபோஸ்னிக் குழுவினர் போதைப் பழக்கம் உள்ள இளைஞர்களுக்காக ஒரு சுருக்கமான வடிவத்தை உருவாக்கினார்கள். அமெரிக்காவின் எட்டு சமூக மையங்களில் 480 இளைஞர்களை வைத்து அதைச் சோதித்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. குடும்பங்களை வரவைப்பதிலும் பிடித்துவைப்பதிலும் அது வழக்கமான சிகிச்சையை முந்தியது. போதையைக் குறைப்பதில் அப்படிப் பெரிய வெற்றி ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஆய்வில், முறையைச் சரியாகக் கடைப்பிடித்த ஆலோசகர்களிடம் வந்த குடும்பங்கள் மேலும் நல்ல பலன் கண்டன. பெயர் ஒன்றாக இருந்தாலும் கைக்குக் கை விளைவு மாறுகிறது என்றால், கையைத் திருத்துவதற்குத்தானே பணத்தைப் போட வேண்டும்?

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்திலிருந்து இன்னொரு விஷயத்தையும் எடுத்துக்கொள்ளலாம். மினுச்சின் வழியில் வந்தவர்கள் அங்கே வீட்டுக்கே போய் வேலை செய்யும் ஒரு முறையை வளர்த்தார்கள். தனியாகப் போவதில்லை, இரண்டு பேராகப் போவார்கள். பயிற்சி மூன்று ஆண்டு. நம் பணியாளர்களில் பாதிப் பேர் வேலை பார்ப்பதே வீட்டுத் திண்ணையில் என்பதால் இரட்டை ஆள் ஏற்பாடு நமக்கு அப்படியே பொருந்துகிறது. ஒருவர் பேசுவார், மற்றவர் பார்ப்பார். வெளியே வந்து பஸ் ஏறுமுன் டீக்கடையிலேயே அரை மணி நேரம் அலசிவிடலாம். பெண் பணியாளருக்குப் பாதுகாப்பும் ஆச்சு. செலவு இரட்டிப்பு ஆகிறதே என்று நிர்வாகம் கேட்கும், கேட்கட்டும். பயிற்சி ஆண்டில் அந்தச் செலவுதான் பயிற்சிக் கட்டணம்.

குடும்பம் உட்காரும் முறையை அந்தந்த வீட்டிலேயேதான் கற்க முடியும். பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம் 1957-லிருந்தே நோயாளியோடு உறவினர் ஒருவரும் தங்க வேண்டும் என்ற வழக்கத்தோடு நடக்கிறது. குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது வேலூருக்குப் புதிய பாடம் இல்லை. ஆனால் குடும்பத்தைக் கூட வைத்துக்கொள்வது ஒன்று, குடும்பம் உட்காரும் விதத்தைப் படிப்பது வேறொன்று. மாமனார் நாற்காலியில் இருந்தால் மருமகள் கதவோரம் நிற்பாள். அவளை உட்காரச் சொன்னால் அவளுக்கே சங்கடம். உட்காரச் சொல்லாமல் விட்டால் நாமும் அந்த ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் ஆகிறோம். இதற்குப் பாடப்புத்தகத்தில் விடை கிடையாது. பாய் விரித்து எல்லோரும் தரையில் உட்காருவது ஒரு வழி. முதலில் பெரியவரிடம், "ஐயா, உங்க வீட்டுல நீங்க சொன்னாத்தான் எல்லாரும் பேசுவாங்க, மருமகளும் கொஞ்சம் பேசட்டும்னு நீங்களே சொல்லுங்களேன்" என்று அனுமதி வாங்குவது இன்னொரு வழி. அவர் அதிகாரத்தை வைத்தே அவர் பிடியைத் தளர்த்துவது. இப்படி ஒரு வாக்கியம் சரியான நேரத்தில் நாக்கில் வருவதற்கு, அதற்கு முன்பு நாலைந்து குடும்பங்களிடம் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொதப்பியிருக்க வேண்டும்.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு. எல்லாம் மேற்பார்வையாளரைப் பொறுத்தது. நன்றாகப் பேசுகிறவர் எல்லாம் நன்றாகப் பார்க்கிறவர் இல்லை. ஒப்பந்தம் போடுமுன் அவரிடம், எங்கள் முன்னால் நீங்களே ஒரு குடும்பத்தோடு ஓர் அமர்வு நடத்துவீர்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். அடுத்து, பத்து மாதத்தில் ஆட்கள் மாறிவிடுவார்கள். எட்டில் இரண்டு பேர் நடுவிலேயே வேலையை விடுவார்கள் என்று எதிர்பார்த்தே ஆரம்பிக்க வேண்டும். மூன்றாவது, குடும்பங்கள் வர வேண்டும். ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் போகும் அம்மா வேலை நாளில் வரமாட்டார், சம்பளம் போய்விடும். பயிற்சி நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைக்காத திட்டம் ஆம்பூரில் நிற்காது. பீடி சுற்றுகிற வீடுகளில் நாம் போகும்போதும் முறத்தை மடியில் வைத்தபடியேதான் பேசுவார்கள், அதை எடுத்துவைக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

காணொளிப் பதிவில் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துச் சின்ன ஊர்களில் யாரைக் கேட்டாலும் மூன்றாவது கேள்வியில் உறவு வந்துவிடும். பணியாளரின் சொந்த போனில் பதிவு கூடாது, வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, மேற்பார்வை முடிந்த அன்றே அழித்துவிட வேண்டும். குடும்பத்திடம் எழுதி வாங்கும் சம்மதத்தில், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதும் தமிழில், தேவைப்பட்டால் உருதுவிலும், இருக்க வேண்டும். நேரடி வீடியோ அழைப்பில் பதிவே தேவையில்லை என்பதால் நான் அதையே முதலில் சொன்னேன்.

யாரைச் சேர்ப்பது?

பெரும்பாலான நிறுவனங்கள் பட்டத்தைப் பார்த்து ஆள் எடுக்கும். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்த இளைஞர்கள் இங்கே நிறையப் பேர், முதலில் அவர்கள் பெயர்தான் பட்டியலில் ஏறும். ஏறட்டும். ஆனால் 1960-களின் இறுதியில் மினுச்சினும் அவருடைய சகாக்களான ஜே ஹேலியும் பிராலியோ மொண்டால்வோவும் பிலடெல்பியாவில் செய்த ஒரு காரியம் இங்கே நினைக்கத் தக்கது. பட்டம் எதுவும் இல்லாத, அந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த மனிதர்களையே தேர்ந்தெடுத்துக் குடும்ப சிகிச்சையாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். முதலில் தியரி சொல்லிக்கொடுக்கவில்லை, குடும்பத்தோடு உட்காரவைத்துப் பின்னாலிருந்து வழிகாட்டினார்கள். நேரடி மேற்பார்வை என்ற முறை இறுகி உருவானதில் அந்த முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே மகளிர் சுய உதவிக் குழுவை வருடக்கணக்காக நடத்திய அக்காவையும், போதை இல்லத்தில் முன்பு உள்ளே இருந்து இப்போது பணியாளராக நிற்கும் அண்ணனையும் விட்டுவிடாதீர்கள். மாமனாரிடம் பேசுவது அவர்களுக்குப் பிறவிக் கலை. அவர்களுக்குச் சிரமம் வேறு இடத்தில் வரும். சமரசம் பேசிப் பழகியதால் சீக்கிரமே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள், குடும்பத்தை அறைக்குள் மோதவிட்டுக் காத்திருக்கும் பொறுமை வராது. எம்.எஸ்.டபிள்யூ. படித்த பெண்ணுக்கோ காத்திருக்கத் தெரியும், குறுக்கிடத் தைரியம் வராது. இரண்டு பேரையும் ஒரே ஜோடியாகப் போடுங்கள்.

எங்கே இதைச் செய்யக் கூடாது

பயிற்சி விளம்பரங்களில் இந்தப் பகுதியைப் போடுவதில்லை. கட்டமைப்புச் சிகிச்சை வீட்டில் ஒரு மேல்–கீழ் ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கிறது, பெற்றோர் மேலே, பிள்ளைகள் கீழே. அப்பா, அம்மா இருவரும் சமமாக மேலே இருக்க வேண்டும் என்பதை அது பல நேரம் உரக்கச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ரேச்சல் ஹேர்-மஸ்டின் 1978-லேயே குடும்ப சிகிச்சை பெண்ணின் நிலையைக் கேள்வி கேட்காமல் விடுகிறது என்று பெண்ணியப் பார்வையில் எழுதினார். அந்த விமர்சனம் நம் ஊருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். "அம்மா பிள்ளையோட ரொம்ப ஒட்டிக்கிட்டாங்க, அப்பாவுக்கு இடம் குடுங்க" என்று வரைபடம் சொல்லும். அந்த அப்பா தினமும் குடித்துவிட்டு அடிப்பவராக இருந்தால், அம்மாவும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டது நோய் இல்லை, தற்காப்பு.

அடி இருக்கும் வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைத்து மோதவிட்டால், அறையில் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் ராத்திரி விலை கொடுக்க வேண்டியிருக்கும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ன் 14-ம் பிரிவு, இருவரையும் தனித்தனியாகவோ சேர்த்தோ ஆலோசனைக்குப் போகும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்கிறது. தனித்தனி என்ற வாய்ப்பு சட்டத்திலேயே இருப்பதை நம் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் சந்திப்பில் ஒவ்வொரு பெரியவரையும் தனியே பத்து நிமிடம் பார்த்து, அடி உண்டா, பயம் உண்டா என்று கேட்காமல் குடும்ப அமர்வு தொடங்கவே கூடாது. குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால் அது சிகிச்சை விஷயம் அல்ல, போக்சோ சட்டம் 19-ம் பிரிவின்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். எந்தப் பயிற்சியின் பாடத்திட்டத்தில் இந்த இரண்டுக்கும் தனி நேரம் இல்லையோ, அதை நான் விலை கேட்கக்கூட மாட்டேன். மேலே சொன்ன பெண்களுக்கான சேவை மையத்திலும் மகளிர் காவல் நிலையத்திலும் பணியாற்றுபவர்களுக்கு இந்தச் சிகிச்சை முதல் பயிற்சியாக இருக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். அவர்களுக்கு முதலில் தேவை வன்முறையை அடையாளம் காணும் பயிற்சியும் பாதுகாப்புத் திட்டம் போடும் பயிற்சியும்.

பெயர் பெற்ற வெற்றிகளையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட மறுக்கும் நோயால் அவதிப்பட்ட 53 பேரில் 86 சதவீதம் பேர் தேறினார்கள் என்று 1978-ல் மினுச்சின் குழு வெளியிட்ட கணக்கைப் பயிற்சியாளர்கள் இன்றும் ஸ்லைடில் போடுவார்கள். அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைக்கப்படவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். ஆளை எடைபோட இதுவும் ஒரு வழி.

அப்படியானால் எதைச் செய்வது

பள்ளி, குழந்தைகள் பாதுகாப்பு, போதை மறுவாழ்வு ஆகியவற்றில் இருக்கும் நிறுவனத்துக்கு என் சிபாரிசு: மூன்று நாள் பயிலரங்கத்தை ஒரு நாளாகச் சுருக்கி நிர்வாகம் உட்பட எல்லோருக்கும் நடத்துங்கள். மீதிப் பணத்தைப் பத்து மாத நேரடி மேற்பார்வைக்கு ஒதுக்குங்கள். எட்டுப் பேரில் ஆறு பேரை மட்டும் மூன்று ஜோடிகளாக எடுங்கள். ஆளுக்கு மூன்று குடும்பங்களையாவது ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மேற்பார்வையோடு முடித்தால்தான் சான்றிதழ் என்று வையுங்கள். ஆண்டு முடிவில் அந்த ஆறு பேரில் யார் மற்றவர்களின் அமர்வைப் பார்த்து உருப்படியாக ஒன்று சொல்கிறாரோ, அவரைக் குறுகிய காலப் பணியிடைப் பயிற்சிக்குப் பெங்களூர் அனுப்புங்கள். கற்றதில் எது தன் குடும்பங்களுக்கு உதவும் என்று அதற்குள் அவருக்கே தெரிந்திருக்கும். சொந்த ஊரில் தன்னை நம்பி மூன்று ஜோடிகள் இருக்கும்போது அவர் திரும்பி வரவும் காரணம் இருக்கும்.

ஒரே ஓர் ஆலோசகர் மட்டும் உள்ள பள்ளிக்கு இது ஒத்துவராது. அவர் பக்கத்து மூன்று நான்கு பள்ளிகளின் ஆலோசகர்களோடு சேர்ந்து ஒரு குழுவாகலாம். அதுவும் முடியாவிட்டால், காணொளியைப் பார்த்துத் திருத்தும் இணையப் படிப்பு அவருக்குப் போதும். குடும்ப நல நீதிமன்றத்தில் ஒரு தம்பதியை ஓரிரு முறைதான் சந்திக்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் அறிமுகமே அதிகம். அங்கே வேலையின் அவசரம் வேறு.

மார்ச் நெருக்கடி இருக்கிறதே என்பீர்கள். நிதி கொடுத்தவருக்கு இப்போதே ஒரு கடிதம் எழுதுங்கள்: பயிற்சி பத்து மாதம், மேற்பார்வையாளரோடு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இந்த நிதியாண்டில் நடக்கும் நாட்களுக்கு இவ்வளவு, மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று. ஒப்பந்த நகலையும் மாதவாரி அட்டவணையையும் இணைத்துக் கேளுங்கள். மார்ச் 20-ம் தேதி கேட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள், டிசம்பரிலேயே கேட்டுவிட வேண்டும்.